யாருடைய பொறுமை?

'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது நம் முன்னோர் வாக்கு. மறையுரையிலும் இல்லற அறிவுரையிலும் நாம் ஓயாது எடுத்தாளும் சொல் இது. ஆனால் இதை யார், யாரை நோக்கிச் சொல்லும்போது அறமாகிறது? இவ்வினாவிற்கு விடை தேடி, இத்தாலி நாட்டின் திராட்சை இரச நிலவறைகளுக்குள் சற்றே நுழைவோம்.

வட இத்தாலியில், இசேயோ ஏரிக்குத் தெற்கே உள்ள பகுதி பிராஞ்சகோர்த்தா. நுரைக்கும் திராட்சை இரசத்திற்குப் பெயர்பெற்றது. 1961ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து குயிதோ பெர்லுக்கியும் பிராங்கோ சிலியானியும் அங்கு அதனை முதன்முதலாக உருவாக்கினர். ஒருமுறை புளித்த இரசத்தில் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைப்பர். உள்ளே அது மீண்டும் புளிக்கும். வெளியேற வழியில்லாத கரியமிலவாயு இரசத்திலேயே கரையும். வேலை முடித்த ஈஸ்ட் மடிந்து வண்டலாகும். அவ்வண்டலோ தன்னிடமுள்ள சுவையையும் மணத்தையும் மெல்ல மெல்ல இரசத்திற்கு ஈந்துகொண்டிருக்கும். பின்னரே வண்டலை அகற்றுவர்.

இதற்குக் காலம் வேண்டும். சாதாரண வகைக்குக் குறைந்தது 18 மாதங்கள், குறிப்பிட்ட ஓர் ஆண்டின் அறுவடைக்கு 30 மாதங்கள், உயர்தர வகைக்கு 60 மாதங்கள் வண்டலோடு இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. திரெந்தோ நகரில் 1902இல் இத்தொழிலைத் தொடங்கியவர் ஜூலியோ பெராரி. அவர் பெயரால் 1972ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து தயாரிக்கப்படும் இரசம் இன்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் இருளில் முதிர்கிறது. 1965இல் மறைந்த அவர் அதனைச் சுவைக்கவேயில்லை.

இப்பொறுமையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காத்திருப்பின் இழப்பை ஏற்பவர் காத்திருக்கத் தீர்மானித்தவரே. அவருடைய முதலீடே நிலவறையில் முடங்குகிறது. கனி பறித்த கூலியாளிடம், 'இரசம் முதிரட்டும், அதுவரை கூலிக்குப் பொறு' என்று அவர் சொல்ல இயலாது. மற்றொன்று, உள்ளே எழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐந்தாறு மடங்கு. எனவே புட்டி தடித்ததாக இருக்க வேண்டும்; மெல்லிய புட்டி வெடித்துவிடும்.

இனி நம்மூருக்கு வருவோம். மணவாள நகரின் வாடகை அறைகளில் தங்கி, காக்களூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளரிடமும் 'பொறு' என்கிறோம். ஆண்டுகள் உருள்கின்றன, நிரந்தரப் பணி வருவதில்லை. இங்கே காத்திருப்பவர் ஒருவர், ஆதாயம் பெறுபவர் வேறொருவர். இதைப் பொறுமை என்பது அச்சொல்லுக்கே இழுக்கு.

யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். மழைக்காகக் காத்திருக்கும் உழவரைத் திருத்தூதர் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துகிறார். ஆனால் அதற்கு முன்னரே, அறுவடை செய்தோரின் கூலியைப் பிடித்துக்கொண்ட செல்வரைக் கடிந்துவிடுகிறார். இவ்வரிசையை நாம் மாற்றிவிடலாகாது.

பொறுமை உயர்ந்த புண்ணியமே. பிள்ளை வளர்ப்பதும், கைத்தொழில் கற்பதும், முறிந்த உறவு கூடுவதும் அதனாலன்றி இயலா. ஆயினும் பிறரைப் பொறுக்கச் சொல்லும் முன் நம்மை நாமே இரண்டு கேட்டுக்கொள்வோம்: இக்காத்திருப்பில் நாம் இழப்பது என்ன? காத்திருப்பவர் உடைந்துபோகாதிருக்க, நியாயமான கூலி, மருத்துவ உதவி, பணிப் பாதுகாப்பு எனும் உறுதியான கலத்தை அவருக்கு அளித்திருக்கிறோமா? இரண்டிற்கும் விடை இல்லையெனில், அவரிடம் பொறுமையைப் போதிப்பதை நிறுத்தி, அவருக்காகப் பேசத் தொடங்குவதே நம் கடமை.