தாயன்பு மலமாமோ?

மக்களைப் பெற்று வளர்க்குந் தாயர்க்கு, அம்மக்கள் வளர்ந்து தம்மைக் கடந்து செல்லுங்கால் உண்டாகும் உள்ளத்துயர் யாதினின்று தோன்றுவது? பாசத்தின் காரியமோ, அன்றி அருளின் சாயலோ? இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. எம்மில்லத்து வாயிலிலேயே வந்து நின்றது. எம் இளைய மைந்தர் துறவுநெறி வேண்டி ஒரு திருமடத்திற் புகுதற்கு எம்பால் விடை கேட்டு நின்ற நாளில், உடனிருந்த முதியவரொருவர், "பிள்ளைமேல் வைத்த பற்றும் மலமேயன்றோ? அறுத்தற்குரியதனை அறுக்க ஏன் தயங்குகின்றீர்?" என்றார். அவர் சித்தாந்த நூல்களைப் பல்காற் பயின்றவர். அன்று யாம் மறுமொழி கூறிற்றிலம், விடையும் கொடுத்தோம். ஆயினும் அவ்வுரை முள்ளென உள்ளே கிடந்தது. ஆண்டு மூன்று கழிந்த பின்னர் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தோம். பிழையுளவேல் அறிஞர் பொறுத்தருள்க.

எம்மூர் பாடாலூர். திருச்சிராப்பள்ளியினின்று சென்னைக்குச் செல்லும் பெருவழியின்மேல் உள்ளது. இவ்வட்டாரத்தில் சின்ன வெங்காயம் பெரும்பயிர். வெங்காயந் தாளரியும் நாட்களில் எம்மக்கள் மூவரும் சாக்கின்மேற் கிடந்துறங்கி வளர்ந்தனர். ஆண்டுதோறும் பொங்கலன்று அவர்களை வாயில் நிலையின் அருகே நிறுத்தி, தலைமட்டத்திற்குக் கரியாற் கோடிடுவது எம் வழக்கம். இளையவர்க்கு இட்ட கோடுகளில் கடைசியது எம் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. அது அவரே இட்டுக்கொண்டது. அன்றே யாம் அறிந்திருத்தல் வேண்டும், அறிந்திலம்.

எம்மூர்க்கு அணித்தேயுள்ள சாத்தனூரில் கல்மரம் ஒன்று கிடக்கின்றது. 18 மீட்டர் நீளமுடைய அவ்வடிமரத்தை 1940-இல் நிலநூலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகிற்கு உணர்த்தினார். இப்பகுதி கடலாயிருந்த பண்டைக்காலத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி ஆண்டுகட்கு முன், ஆற்றுநீரால் அடித்துவரப்பட்ட மரம் மண்ணுட் புதைந்து, அதன் மரத்தன்மை சிறிது சிறிதாக நீங்க, அவ்விடத்தைக் கல் நிரப்பிற்று என்பர். வடிவு மரம், பொருள் கல். தாயருள்ளத்திலும் இத்தகைய மரமொன்று உண்டு. ஐந்தாண்டுப் பிள்ளையின் வடிவம் அங்கே அப்படியே கிடக்கின்றது. உயிருள்ள பிள்ளையோ அவ்வடிவினின்று நீங்கி நெடுந்தொலைவு சென்றுவிட்டான். கல்லைத் தழுவிக்கொண்டு மரம் இஃதென்று சொல்லுதலே பாசம் எனின், அம்முதியவர் கூறியதில் ஒருபாதி உண்மை என்று ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

இனி நூற்கொள்கை நோக்குவோம். உயிர் அநாதி, எவராலும் படைக்கப்பட்டதன்று. ஆதலின் தாய் உயிரைத் தந்தாளல்லள். உடம்போவெனின், அதற்கு முதற்காரணம் மாயை, நிமித்தகாரணன் இறைவன், வினைக்கீடாக அவனே அதனைக் கூட்டுகின்றான். குடத்திற்கு மண்ணும் குயவனும் போல இவை நிற்ப, தாயும் தந்தையும் தண்டசக்கரம் போலத் துணைக்காரணமாகும் அளவினரே. குடத்தைத் திகிரி தன்னதென்று கொண்டாடுமோ? கொண்டாடாது. ஆனால் திகிரி சடம், தாய் சித்து. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டே பலர் தாயைத் திகிரியோடு ஒப்பிட்டு அமைகின்றனர். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது நம் நூல்களிற் பெரிதும் வற்புறுத்தப்படுவது. பிறந்த உயிர் முதன்முதற் சார்வது எதனை? தாயையன்றோ? அவள் சொல்லே அதற்கு முதற்சொல். அவள் அச்சமே அதற்கு முதலச்சம். அவள் நெற்றியில் இட்ட நீறே அது முதலிற் காணும் நீறு. ஆதலின் அவள் உயிரைத் தந்திலளேனும், அவ்வுயிர் ஏற்கும் முதல் வண்ணத்திற்குக் கடப்பாடுடையள்.

மலமென்னுஞ் சொல்லையும் ஆராய்தல் வேண்டும். ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றோடு மாயேயம், திரோதாயி என்னும் இரண்டனையும் கூட்டி மலம் ஐந்தென எண்ணுவர். இவற்றுள் திரோதாயி என்பது யாது? சிவசத்தியேயன்றி வேறன்று. மலத்தைத் தொழிற்படுத்தி, உயிரை உலகநுகர்ச்சியிற் செலுத்தி, அதனால் மலம் பக்குவமுறச் செய்வது பற்றி, அருளாகிய அதனையே உபசாரத்தால் மலமென்றனர். பரிபாகம் வந்துழி அது நீக்கப்படுவதன்று, அருட்சத்தியாகப் பதிவது. மறைத்து நின்றதும் அதுவே. விளக்கி நிற்பதும் அதுவே.

தாயன்பும் இத்தகையது என்பதே எம் கருத்து. குழவியை உலகத்தோடு பிணிப்பது அது: பாலூட்டுகின்றது, பொம்மை காட்டுகின்றது, நிலவைக் கைக்கொள்ளலாமென்று பொய்யும் சொல்லுகின்றது. வெயிலையும் பசியையும் வீட்டின் கடன்தொல்லையையும் மறைத்து வைக்கின்றது. மறைத்தலின்றி வளர்ச்சியில்லை. ஆயின் மைந்தன் வளர்ந்த பின்னும் மறைத்துக்கொண்டே நிற்குமாயின், அருளாயிருந்தது பெயருக்கேற்ப மலமாகவே ஆய்விடும். ஆகவே, அறுத்தல் என்று முதியவர் சொன்னது பொருந்தாது. திரும்புதல் என்பதே பொருந்தும்.

அற்றேல், சத்தி திரும்புங்கால் வருந்துவதில்லையே, தாய் வருந்துகின்றாளே எனின், அக்கடா வலிதே. உவமை ஒருபுடையே கொள்ளத்தக்கது. இறைவன் நிறைவுடையன், யாமோ எமது ஆணவத்தோடு கூடியே அன்பு செய்கின்றேம். "எம் பிள்ளை" என்பதில் பிள்ளையின்பாற் செல்லும் பகுதி அன்பு. "எம்" என்பதின்கண் நிற்கும் பகுதி மலம். இரண்டும் பாலும் நீரும் போலக் கலந்து கிடப்பதால், பிரியுமிடத்து வலிக்கின்றது. அந்த வலியை அன்பிற்குச் சான்றாகக் காட்டிப் பெருமை கொள்ளுந் தாயரும் உளர். யாமும் சிலநாள் அவ்வாறு செய்தோம்.

இதற்கு எம்மருங்கிலேயே சான்றாவார் செம்பியன் மாதேவியார். மழவரையர் குடியிற் பிறந்த அப்பெருமாட்டியாரின் நினைவை, அரியலூர்ப் பகுதியிலுள்ள கண்டராதித்தம் என்னும் ஊரும் அங்குள்ள பேரேரியும் இன்றும் காக்கின்றன. தில்லைக்குத் திருவிசைப்பா அருளிய கண்டராதித்த சோழர் அவர்தங் கணவர். அவர் 957-ஐ ஒட்டி மறைந்தபோது மைந்தர் சிறு குழவி. அரசுரிமை கணவரின் தம்பி வழியிற் சென்றது. ஏறத்தாழ 970-இல் தான் அம்மைந்தர் உத்தம சோழர் என அரியணை ஏறினார். இடையில் ஆதித்த கரிகாலர் கொலையுண்டார். அதில் உத்தமர்க்குப் பங்குண்டோ என்று வரலாற்றாசிரியர் சிலர் ஐயுற்றனர், வேறு சிலர் மறுத்தனர். உடையார்குடிக் கல்வெட்டு, கொலைக்குரியாராகச் சோமன், இரவிதாசன் முதலிய வேறு சிலரையே பெயர்சொல்லிக் குறிக்கின்றது. தன் மகன்மேல் உலகம் ஐயுறுவதைக் கேட்குந் தாயின் நிலையை எண்ணிப் பார்க்கத் தகும்.

அவ்வம்மையார் செய்தது யாது? செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். திருநல்லம், விருத்தாசலம், திருவாரூர் அரநெறி, திருக்கோடிகா முதலியன அவர் கைபட்டவை. திருக்கோடிகாவில், பழைய கற்களிலிருந்த சாசனங்கள் அழியாவாறு புதுச்சுவரிற் படியெடுத்துப் பொறிப்பித்தார். பிறர் செய்த அறத்தை இவ்வாறு காத்தவர் மிகச் சிலரே. திருநல்லத்தில், சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தில் தம் கணவர் உருவை அமைப்பித்தார். மருமக்களாகிய அரசியர், மாமியாரது பிறந்தநாளை முன்னிட்டு அறக்கட்டளை வைத்தனர் என்பதைச் செம்பியன் மாதேவி என்னும் ஊரின் கல்வெட்டுக்கள் கூறும். (மாமியார் பிறந்தநாளுக்கு மருமகளார் கட்டளை வைப்பது இக்காலத்திற் காண்டற்கரியது, யாமும் மாமியாராயினமையின் இதனைச் சொல்லுகின்றோம்.)

மைந்தர் 985-இல் மறைந்தார். தாயார் 1001 வரை வாழ்ந்தார். மகன் போனபின் பதினாறு ஆண்டு! பெயரர் மதுராந்தகன் கண்டராதித்தரோ முடி சூடவில்லை. இராசராசர் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் பணியில் அமர்ந்தார். அரியணை மைந்தரோடு தம் வழியினின்று நீங்கியது கண்டும் அம்மையாரின் திருப்பணி நின்றதில்லை. கல்வெட்டுக்கள் அவரை உத்தம சோழரைத் திருவயிற்றில் வாய்க்கப் பெற்றவர் என்றே சுட்டும். ஆனால் நாட்டார் நினைவில் நின்றது அவ்வயிறு பெற்ற வேந்தரன்று, அக்கை எடுப்பித்த தளிகளே. 1019-இல் இராசேந்திரர் அவர்க்குப் படிமம் எடுத்து வழிபாட்டிற்கு நிவந்தமளித்தார். தம் வயிற்றிற் பிறவாத வழியினர் அவரைத் தாயாகக் கொண்டனர். அன்பு திரும்பிய திசை இதுவென்று யாம் கொள்ளுகின்றோம்.

சிராப்பள்ளியில் எழுந்தருளிய பெருமான் தாயுமானவரான வரலாறு யாவரும் அறிந்ததே. காவிரி பெருகி ஈன்ற தாய் அக்கரையில் நிற்க, அவள் வடிவொடு வந்து செட்டிப்பெண்ணுக்குப் பேறுகாலம் பார்த்தனன். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்ததும் வந்தவள் மறைந்தாள். வந்து உதவியதையே அன்பர்கள் பாடுவர். எமக்கோ அவள் மறைந்ததே பெரிதாகப் படுகின்றது. பணி முடிந்தது, நன்றி பெறவும் நின்றிலள்.

இசைஞானியார் அறுபத்துமூவருள் எண்ணப்படுகின்றார். அவர் செய்த தொண்டு யாதெனக் கேட்பார்க்கு, சுந்தரரைப் பெற்றமையே எனப் பெரியோர் விடைகூறுவர். யாம் இன்னொன்றுஞ் சேர்ப்போம். தேருருட்டி விளையாடிய அச்சிறுவரை நரசிங்கமுனையரையர் வேண்டிப் பெற்றுத் தம் மனையில் வளர்த்தார். பெற்றவள் வீட்டில் அச்சிறுதேர் உருளும் ஓசை அன்றோடு நின்றது. திருத்தொண்டத்தொகையின் முடிவில் அம்மகனார் தாயைப் பெயர்சொல்லி நினைந்தார் என்பதை, மடங்களில் மக்களைக் கொடுத்த தாயர் அறிந்துகொள்ளுதல் நலம். துறந்தாரும் தாயை வணங்கற்பாலர் என்பது பெரியோர் வழக்கு. எல்லாந் துறந்த பட்டினத்தடிகளும் ஈன்றாளின் ஈமக்கடனைத் துறந்திலர்.

சென்ற தை மாதம் அண்மை ஊரொன்றின் குடமுழுக்கிற்குத் திருமடத்து அடியார் சிலர் வந்தனர்; அவருள் எம் மைந்தரும் ஒருவர். எம்மில்லத்தில் மாகேசுர பூசை நிகழ்ந்தது. வாயிலில் நுழையுங்கால் அவர் நிலையிலிருந்த கரிக்கோடுகளை ஒருமுறை நோக்கினார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிற்குச் சுண்ணமடித்தபோது அவ்விடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருந்தோம். அது அன்போ மலமோ என்று எம்மைக் கேளற்க. "வா" என்று சொல்ல வாயெடுத்து "வாருங்கள்" என்றோம். திருநீறு தந்தார், ஏற்றுக்கொண்டோம். பரபரப்பில் குழம்பிற்கு உப்பிட மறந்துவிட்டமை, எல்லாரும் எழுந்த பின்னரே தெரிந்தது. சிறுவயதில் உப்புக் குறைந்தால் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும் பிள்ளை, அன்று இருமுறை கேட்டு வாங்கி உண்டிருந்தார்.