தன்னை ஏமாற்றல் தகுமா?

பிறரை ஏமாற்றுவது குற்றமென்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், ஒருவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது குற்றமா என வினவினால், "அவன் பாடு அவனோடு" என்று கூறி ஒதுங்குவோரே பலர். இவ்வொதுக்கம் நேரிதா என்பதை ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

நாம் கணக்கெழுதும் தோட்டத்திலே, கலியாண விருந்துகளில் ஒரு வழக்கம் புகுந்துள்ளது. மதுவோடு ஊக்க பானத்தைக் கலந்து வாலிபர் பருகுகின்றனர். காரணங் கேட்டால், "கிராணி ஐயா, இது தூக்கம் வரவிடாது, எவ்வளவு குடித்தாலும் தெளிவாக மோட்டார் சைக்கிளில் வீடு போய்ச் சேரலாம்" என்கின்றனர். அத்தெளிவு மெய்யானதா?

நாம் விழித்திருக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் பெருகிக் களைப்பை அறிவிக்கின்றது. ஊக்க பானத்திலுள்ள காபீன், அப்பொருள் சேரவேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொண்டு, அவ்வறிவிப்பைத் தடுத்துவிடுகின்றது. அஃதன்றி, இரத்தத்திற் கலந்த மதுவில் ஒரு துளியையும் அது குறைப்பதில்லை. மதுவை நீக்குவது பெரும்பாலும் ஈரலின் வேலை. அவ்வேலையை எக்காப்பியும் விரைவுபடுத்தாது. 2006-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் 26 வாலிபரைச் சோதித்தனர். கலந்து பருகியோர் தமக்குத் தடுமாற்றம் குறைவென்று எண்ணினர். ஆனால் அவர்தம் கைகால்களின் தடுமாற்றமோ, கண்ட பொருளுக்கு இயங்கும் வேகமோ சீர்ப்படவில்லை. கண் விழித்திருக்க, அறிவு மயங்கிக் கிடக்கும் நிலை இது.

கடன் எழுதிய பக்கத்தைக் கணக்கேட்டினின்று கிழித்தெறிந்தால் கடன் தீருமோ? தீராது, கடன் எவ்வளவு என்பதுதான் தெரியாமற்போகும். தெரியாதவன் மேலும் மேலும் கடன் வாங்குவான். மேலும் பருகுதலும் அத்தகையதே.

2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்பதின்மர் ஒரு விருந்திற்குப்பின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மதுவும் காபீனும் ஒரே டின்னில் அடைக்கப்பட்ட பானமே அவர் பருகியவற்றுள் முதன்மையானது. அடுத்த மாதமே அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம், அவ்வகைப் பானங்களிற் சேர்க்கப்படும் காபீன் பாதுகாப்பற்றதென நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. தொழிற்சாலையிற் கலப்பது நின்றது. ஆனால், தன் கிண்ணத்தில் தானே கலப்பவனை எந்தச் சட்டம் தடுக்கும்? சட்டம் நிற்குமிடத்திலேதான் ஒழுக்கம் தொடங்குகின்றது.

"என் உடல், என் இஷ்டம்" என்பர் சிலர். நன்று. ஆனால் வண்டியின் பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியின் உடல் யாருடையது? எதிரே சைக்கிளில் வரும் பிள்ளையின் உடல் யாருடையது? 2020-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம், வாகனமோட்டுவோரின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் எல்லையை 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்தது. "உனக்குத் தூக்கம் வருகிறதா?" என்று அவ்வெல்லை கேட்பதில்லை.

விபத்து நேர்ந்தபின், "போதையில் அறியாது செய்தேன்" என்பது பழைய சமாதானம். கலந்து குடிப்பவனுக்கு அச்சமாதானமும் இல்லை. முதற் கிண்ணத்திற் கலக்கும்பொழுது அவன் கை நடுங்கவில்லை. அறிவு தெளிவாகவே இருந்தது. எச்சரிக்கை வருமென்று அறிந்தே அதன் வாயை அவன் முன்கூட்டி அடைத்தான். ஆகவே பின்விளைவின் பொறுப்பு, மயங்கிய இரவில் அன்று, தெளிந்த அந்த மாலையிலேயே அவனைச் சேர்ந்துவிட்டது. தன்னை ஏமாற்றுதல் பிறரை ஏமாற்றுதலின் முதற்படி என்பதே எமது முடிபு.

வாலிபத் தோழர்களே! பகலெல்லாம் குலை வெட்டிய உடல் இரவில் உறக்கங் கேட்பது குற்றமன்று. அஃது அதன் உரிமை. மது வேண்டாமென்பதே எமது அவா. அதனை விடமுடியாதவரும், உண்மையுரைக்கும் அச்சாட்சியின் வாயையேனும் அடைக்காதிருப்பாராக. உடல் "போதும்" எனும்பொழுது செவிசாய்த்து, கிண்ணத்தையும் வண்டிச் சாவியையும் கீழே வைப்பதே பகுத்தறிவு.