வினையும் வினைமுதலும்

வாக்கியத்தில் சொற்கள் நிற்கும் முறை இலக்கணத்தாருக்கு மட்டும் உரிய விடயமன்று. செயலுக்குப் பொறுப்பாளர் யார் என்னும் அறவினாவும் அதனோடு பிணைந்துள்ளது.

பாண்டு மொழிகளுள் ஒன்றான சுவாகிலியை நோக்குவோம். அம்மொழி வழங்கும் கென்யாவிலும், கெரிச்சோப் பகுதியில், தேயிலைத் தோட்டங்கள் உள. 'துனச்சுமா சாய்' என்றால் 'தேயிலை பறிக்கிறோம்' என்பது பொருள். முதலில் நிற்கும் 'து' பறிப்போரைக் குறிக்கும். தேயிலை வினைக்குப் பின்னர் வரும். தமிழிலோ தேயிலை முன்வர, 'ஓம்' விகுதி ஈற்றில் நின்று பறிப்போரைக் காட்டும். அம்மொழி தலையிற் சுமப்பதை நம்மொழி காலிற் கட்டியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. எழுவாய் தோன்றாவிடினும் இரண்டிலும் செய்பவர் மறைவதில்லை. வினை தரும் ஆறு பொருள்களை எண்ணிய நன்னூலாரும் செய்பவனையே முதலில் வைத்தார்.

செயப்பாட்டு வினையில் நிலைமை வேறு. 'சாய் இனச்சும்வா', 'தேயிலை பறிக்கப்படுகிறது' என்னும் போது இருமொழி வினைகளும் தேயிலைக்கே இசைகின்றன. பறித்த கை எங்கும் இல்லை.

அற்றன் தோட்டங்களில் 'பேர்' என்றால் ஒருநாட் கூலி. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். 'அரைப்பேர் போடப்பட்டது' என்று நாம் எழுதுவோம். லயத்துப் பெண்ணோ, 'அரைப்பேரு போட்டுட்டாங்க' என்பாள். யார் அந்த 'ஆங்க'? கங்காணியா, கணக்கப்பிள்ளையா, துரையா, கொழும்பிலுள்ள கம்பனியா? அவள் சொல்லவில்லை, சொல்ல அஞ்சியும் இருக்கலாம். ஆயினும் மழை பெய்தது போல அது தானே நிகழவில்லை, மனிதர் செய்தனர் என்பதை அவளது விகுதி விடாது பற்றி நிற்கிறது.

'1948இல் மலையகத்தாரின் குடியுரிமை பறிக்கப்பட்டது' என எத்தனை கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம்! கொழுந்துக்கு ஆளும் அதே வினை. டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் கொண்டுவந்தது, பாராளுமன்றம் நிறைவேற்றியது என்றெழுத ஒரு வரி கூடுதலாக வேண்டும். அந்த வரியைத்தான் மிச்சம் பிடிக்கிறோம்.

எனினும் செய்வினை எப்போதும் நேர்மையானதன்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு பிரதமர்கள் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கினர், அம்மக்களைக் கேட்கவில்லை. அவர்களுட் பலர் சென்றதைப் பின்னர் 'இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்' என்கிறோம். எழுவாயும் விகுதியும் பழுதற இசைகின்றன. விரும்பி விண்ணப்பித்தவரும் இருந்தனர், வேறு வழியின்றி விண்ணப்பித்தவரும் இருந்தனர். 'ஆர்கள்' இருவரையும் ஒன்றாகவே காட்டுகிறது.