யாரும் கேட்காத பெயர்

2008 ஜனவரி 26. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கு வாக்குப்பதிவு நடந்த நாள். மனைவி ஹிலாரிக்காக ஓட்டுக் கேட்டு அலைந்த முன்னாள் ஜனாதிபதி பில் கிளிண்டனிடம் ஒரு நிருபர், ஒபாமா ஒருவரை எதிர்க்க உங்களில் இரண்டு பேர் வேண்டியிருக்கிறதே என்று கேட்டார். கிளிண்டன் சிரித்தார். ஜெஸ்ஸி ஜாக்சன் 1984இலும் 1988இலும் இங்கே ஜெயித்தார், அவரும் நன்றாகப் பிரசாரம் செய்தார், ஒபாமாவும் நன்றாகச் செய்திருக்கிறார் என்றார்.

நிருபர் ஜாக்சனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது இதுதான். தென் கரோலினாவில் ஜெயித்தவர் ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் 2004இல் ஜெயித்த ஜான் எட்வர்ட்ஸைச் சொல்லியிருக்கலாம். அன்றைய போட்டியிலேயே அவரும் இருந்தார். 1992இல் அங்கே ஜெயித்தவர் கிளிண்டனேதான். இருவரையும் தாண்டி இருபது வருஷம் பின்னால் போய், வேட்பாளராகவே ஆக முடியாமல் போன ஒரு கறுப்பரின் பெயரை எடுத்தார். கேட்ட கறுப்பர்கள் பலருக்கு அதன் பொருள் உடனே புரிந்தது: இது உங்கள் ஆட்களின் ஓட்டு, இதற்கு மேல் போகாது.

எனக்கு ஏன் வலிக்க வேண்டும்? 2003இல் நாமக்கல்லில், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கான ஒரு சிறு குழுவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே வரும் ஓர் அக்கா கணவருக்கு மட்டும் மாத்திரை வாங்குவார். கையில் காசு மிஞ்சிய மாதத்தில்தான் தனக்கும். அந்த அக்டோபரில் கிளிண்டனின் அறக்கட்டளை மருந்து நிறுவனங்களோடு பேசி, கூட்டு மருந்தின் விலையை ஆளுக்கு வருஷத்துக்கு 140 டாலருக்கும் கீழே இறக்கியது. ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளுக்கான ஏற்பாடு அது. தயாரிக்க ஒப்புக்கொண்டவற்றில் பெரும்பாலானவை நம் நாட்டு நிறுவனங்கள். செய்தியை நான் வாசித்துக் காட்டியதும் அக்கா விரல்விட்டு எண்ணினார். ஒரு நாளைக்கு 18 ரூபாய்க்கும் குறைவு. “அப்போ நமக்கும் வரும்ல தம்பி?” என்றார். வந்தது. 2004 ஏப்ரலில் அரசே தாம்பரம் போன்ற மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அதைக் கொடுத்தது அரசாங்கம், கிளிண்டன் இல்லை. ஆனாலும் மருந்து மலிவாகும் என்ற நம்பிக்கை அந்த அறைக்குள் அவர் பெயரோடுதான் முதலில் நுழைந்தது.

நாவலாசிரியர் டோனி மாரிசன் 1998இல் கிளிண்டனை முதல் கறுப்பின ஜனாதிபதி என்று எழுதியிருந்தார். பதவியைவிட்டு இறங்கிய பிறகு அவர் அலுவலகம் வைத்தது, கறுப்பர் பகுதியாகப் பெயர்பெற்ற நியூயார்க்கின் ஹார்லெமில். ஜாக்சன் பெயர் வாயில் வந்து இரண்டே நாளில் மாரிசன் தம் ஆதரவு ஒபாமாவுக்கு என்று அறிவித்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஆயாவின் நினைவு வந்துவிடும். தர்மபுரிப் பக்கத்து எங்கள் ஊரில் மாசியில் கர்ண மோட்சம் கூத்து நடக்கும். பொழுது விடியும் நேரத்தில், கிழப் பிராமணனாக வந்த கிருஷ்ணனுக்குக் கர்ணன் தன் தர்மத்தின் பலனையெல்லாம் ரத்தத்தால் தாரைவார்ப்பான். குங்குமம் கரைத்த நீர் அவன் மார்புப் பலகையில் வழியும். ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழும். நானும் அழுதிருக்கிறேன். பிறகு பள்ளிக்கூட நூலகத்தில், அட்டை போன ஒரு பாரத வசனத்தில் படித்தேன்: சபையில் திரௌபதிக்காகப் பேசிய விகர்ணனை அடக்கியவனும், அவளை வாய்கூசாமல் ஏசியவனும் அதே கர்ணன். ஓடிப்போய் ஆயாவிடம் கேட்டேன்.

“சோறு போட்டவன் பக்கம் நின்னு பேசினான்,” என்றது ஆயா. அரிசியைப் புடைத்துக்கொண்டே வெகுநேரம் கழித்து, “அந்தப் பொண்ணு காதுல விழுந்துச்சே,” என்றது.

அந்த 2008 ஆகஸ்டில் கிளிண்டன் அறக்கட்டளை வேலைகளைப் பார்க்க ஆப்பிரிக்கா போனார். லைபீரியாவில் பேட்டி எடுத்த தொலைக்காட்சி நிருபர் தேர்தலைப் பற்றியே கேட்டார். தான் நிறவெறியன் இல்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் ஆப்பிரிக்க மண்ணில் நின்று. அதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. மனைவி தோற்றுக்கொண்டிருக்கும்போது ஒரு கணவனுக்கு வாய் தவறாதா என்று மனம் அவருக்காக வாதாடியது. ஆனால் அவர் கட்சியில் அவரைவிடத் தேர்தல் தெரிந்தவர் யார்? அவருக்கா வாய் தவறும்?

நாமக்கல் அக்கா இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். அவர் பக்கம் நின்று நான் கிளிண்டனை மன்னித்துவிடலாம். தென் கரோலினாவில் அந்தப் பெயரைக் காதில் வாங்கிய ஒரு கறுப்பினக் கிழவியின் சார்பில் மன்னிக்க நான் யார்? இரண்டையும் ஒரே தராசில் வைக்க முயன்று பார்க்கிறேன், தட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். கேள்வி வருகிறது, அவர் சிரிக்கிறார், ஜாக்சன் என்கிறார். அந்தச் சிரிப்புக்கும் பெயருக்கும் நடுவில் அவர் மனதில் என்ன ஓடியது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.