மறைவின் சுவை

பூரணைப் போயா தினங்களில் இலங்கையில் மதுச்சாலைகள் மூடப்படுகின்றன. அன்று பாசிக்குடாவுக்கு வரும் பயணி மறைவிடம் தேடுகின்றான். அவன் நாடுவது மதுவையா, மறைவையா?

ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்கு இரகசிய மதுச்சாலைகளைப் பெருக்கிற்று. தடை நீங்கிய பின்னும் அவற்றின் சாயலில் மதுச்சாலைகள் அமைக்கப்படுகின்றன. எனவே, மறைவுக்கே தனிச்சுவை உண்டு எனலாம்.

மறைந்து கள்ளுண்பாரை உள்ளூரார் நகைப்பர் என்கின்றார் வள்ளுவர். பயணிக்கோ அங்கு உள்ளூரில்லை, நகைப்பாருமில்லை. அவன் துய்ப்பது அந்த விடுதலையையே.

ஆனால், வாவியோரத்தில் கள்ளத்தனமாக மது விற்பவனுக்கு மறைவு விளையாட்டன்று. பிழைப்பும் அச்சமும் ஆகும். அவனிடம் நாள்தோறும் கசிப்புக் குடிப்போனின் இல்லாளுக்கு அது பசி. பயணி விடிந்ததும் புறப்படுவான்; அவர்களோ அங்கேயே வாழவேண்டும். பிறர் அச்சத்தை நம் சுவையாக்குதல் அறமாகுமா? வந்த ஊரையும் தன்னூராகக் கருதி, அங்குள்ளோர் முன் நாணுதலே பயணிக்குரிய ஒழுக்கம்.