செடியைக் காட்டிய கை

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய நாட்டு மருந்துக் கடைகளில் வசம்பும் கடுக்காயும் சித்தரத்தையும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. எது எதற்கு என்று கடைக்காரர் சொல்வார். அவருக்கு அவர் பாட்டி சொல்லியிருக்கலாம். அந்தப் பாட்டியின் பெயர் எந்த நூலிலும் இராது. பிறரிடம் கேட்டறிந்த மருந்தை நூலில் எழுதுகிறவர், சொல்லித் தந்தவரின் பெயரையும் எழுதக் கடமைப்பட்டவரா?

கார்சியா த ஓர்த்தா லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன மருத்துவர். 1534இல் கோவாவுக்குக் கப்பலேறினார். இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய அவர் நூல் 1563இல் கோவாவிலேயே அச்சானது. ருவானோ என்ற கற்பனை நண்பரோடு ஓர்த்தா பேசிக்கொண்டே போகும் நூல் அது. இடையிடையே அந்தோனியா என்ற அடிமைப் பெண் வருகிறாள். கேட்ட செடியைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். மாலுபா என்ற உள்ளூர் வைத்தியரும் வந்து பேசுகிறார்.

பெயர் சொன்னதோடு கடன் தீர்ந்ததா? அந்தோனியாவைப் பொறுத்தவரை தீரவில்லை. விடுதலைக்குப் பெயர் ஈடாகாது. ஆனால் அந்தப் பெயரும் இல்லாதிருந்தால், அப்படியொரு கடன் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. 1567இல் தாவரவியலாளர் குளூசியஸ் அந்நூலை லத்தீனில் சுருக்கியபோது உரையாடலைக் களைந்துவிட்டார். ஐரோப்பாவில் பரவலாகப் படிக்கப்பட்டது அந்தச் சுருக்கம்தான்.

மருந்து பலித்தால் போதும், சொன்னவர் யாராயிருந்தால் என்ன என்பார்கள். நோயாளி அப்படிச் சொல்லலாம். நூலால் புகழ் பெற்றவருக்கு அந்த உரிமை இல்லை. காலம் அப்படி என்ற சமாதானமும் நிற்காது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த, மலபார்ச் செடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் முதல் தொகுதி 1678இல் வந்தது. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தம் கையால் எழுதிய சான்று அதில் அப்படியே அச்சாகியிருக்கிறது. மூன்று கொங்கணி வைத்தியர்களின் பெயர்களும் உண்டு. மனம் இருந்தவருக்கு அன்றைக்கே முடிந்திருக்கிறது.

சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் வில்லியம் ஃபார்க்குவார், மலாக்காவில் இருந்தபோது செடிகொடிகளையும் விலங்குகளையும் ஓவியமாகத் தீட்டச் செய்தார். அந்த 477 ஓவியங்களும் இப்போது தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. தொகுப்புக்குப் பெயர் ஃபார்க்குவாருடையது. தீட்டியவர்கள் சீன ஓவியர்கள் என்று கருதப்படுகிறது. ஒருவர் பெயரும் தெரியவில்லை.

வீட்டுக் கைமருந்துகளைக் குறித்து வைப்பவர்கள், சொன்னவர் பெயரையும் ஊரையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள்.