உப்பில்லாக் கொழுக்கட்டை

1952-ஆம் ஆண்டு காந்தி ஜயந்தியன்று சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பெற்று, அதன் வழியே கிராமசேவிகைகள் வந்து மாதர் சங்கங்களைக் கூட்டுவதற்கு வெகு காலம் முன்பே, நம் கிராமத்து ஸ்திரீகளுக்கென்று ஒரு சங்கம் இருந்தது; அதற்குத் தலைவியும் உண்டு, கண்டிப்பான விதிகளும் உண்டு, பதிவுப் புத்தகம் ஒன்றுதான் கிடையாது. ஔவையார் நோன்பென்றும் செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பென்றும் வழங்கும் அந்தக் கூட்டம், தை, மாசி, ஆடி மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில், ஊர் அடங்கிய பின் ஏதேனும் ஒரு வீட்டில் கூடும். மூதாட்டி ஒருத்தி முன்னின்று நடத்த, பச்சரிசியைத் தாங்களே இடித்து மாவாக்கி, விதவிதமான வடிவங்களில் கொழுக்கட்டை பிடித்து அவித்துப் படைத்து, நோன்புக் கதையைக் கேட்டு, விடிவதற்குள் உண்டு முடித்துவிட வேண்டும். கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் அன்றிரவு அங்கே இடமில்லை. அந்தப் பண்டத்தை ஆண்கள் உண்பது இருக்கட்டும், கண்ணால் காண்பதுகூடத் தோஷம். ஆகவே இதை எழுதுகிற நானும், வெளித்திண்ணையில் படுத்து உலக்கைச் சத்தத்தைக் கேட்டபடியே உறங்கிப்போனவர்களில் ஒருவன் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நாஞ்சில் நாட்டில் தாழக்குடிக்கு அருகேயுள்ள ஔவையாரம்மன் கோவிலில், ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் திரண்டு கூழும் கொழுக்கட்டையும் படைப்பதை யாரும் காணலாம். நான் சொல்வது வீட்டுக்குள் நடக்கும் இரவு நோன்பை.

அந்தக் கொழுக்கட்டையில் உப்புக் கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி சொல்லிப் பழகிய அதே வாய்கள், உப்பில்லாத ஒன்றைத் தெய்வத்துக்கு உகந்ததென்று கொண்டது எதனால்?

ருசியைத் துறப்பது தபஸ் என்பது முதலில் தோன்றும் சமாதானம். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் நோயுற்றபோது உப்பையும் பருப்பையும் விடும்படி காந்தியடிகள் வற்புறுத்த, அவரால் அவற்றை விட முடியுமா என்று அம்மையார் திருப்பிக் கேட்க, அக்கணமே ஓராண்டுக்கு இரண்டையும் விட்டதாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில், ருசிக்காக உண்ணாமை என்னும் அஸ்வாதம் அவருடைய ஆசிரம விரதங்களில் ஒன்றாயிற்று. ஆனால் துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிய பின் அடிச்சட்டியில் எஞ்சியதை உண்டு பழகியவள் எந்த ருசியைத் துறப்பாள்?

கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்து ஒப்பிலியப்பன் சந்நிதி வேறொரு சமாதானம் தருகிறது. அங்கே நைவேத்தியத்தில் உப்புச் சேர்ப்பதில்லை. மார்க்கண்டேயருடைய மகளை எம்பெருமான் பெண் கேட்டு வந்தபோது, அவள் சிறுமி, சமையலில் உப்புப் போடவும் அறியாதவள் என்று முனிவர் தயங்க, உப்பில்லாததையே உண்கிறேன் என்று பெருமாள் இசைந்தாராம். இதைக் கேட்டு உருகாத தாய் இல்லை. எனினும் இங்கே உப்பின்மை ஒரு பெண்ணின் குறை, அதைப் பொறுத்தது புருஷனின் பெருந்தன்மை. நோன்புக்காரிகளோ உப்பின் அளவைக் கையே அறிந்தவர்கள். படைப்பதற்கு முன் ருசி பார்க்கலாகாது என்ற நியமத்தால், நாவின் துணையின்றிக் கண்ணாலும் கைக்கணக்காலும் உப்பிட்டு ஆயுள் முழுதும் சமைத்தவர்கள். அவர்கள் உப்பை மறந்தார்கள் என்று சொல்ல முடியாது.

எனக்குத் தோன்றுவது இது: சமைத்தவளை உண்பவன் விசாரணை செய்யும் இடம் உப்பு. புளி கூடினால் முகம் சுளிப்பதோடு சரி. உப்பு ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் இலை தள்ளப்படும். நோன்பு இரவிலோ இடித்தவளும் அவித்தவளும் உண்பவளும் ஒருத்தியே; தீர்ப்புச் சொல்ல வெளியிலிருந்து ஒரு நாக்கு வருவதில்லை. வராத நாக்குக்கு உப்பு எதற்கு? பலனில் பற்று வையாமல் கர்மத்தைச் செய் என்று கீதை உபதேசித்ததை, அடுப்படியில் அனுஷ்டிக்க வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த நோன்பே கணவன் நலத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் நல்ல வரனுக்கும் நோற்கப்படுவது. சாஸ்திரப்படி அது காம்ய விரதம், அதாவது பலனை வேண்டியே நோற்பது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காகவே உள்ளே வேண்டுதல் நடக்கிறது என்றால், நான் சொன்ன விடுதலை எங்கே? அவர்கள் கேட்பது பிறருக்காக, உண்பது மட்டும் தமக்காக என்று வேண்டுமானால் சொல்லலாம். அது போதிய விடையா என்பதில் எனக்கே சந்தேகந்தான்.

சிறு வயதில் ஒரு புதன்கிழமை விடியற்காலை, ஒரு துணுக்காவது மிஞ்சியிருக்காதா என்று அடுக்களையில் துழாவினேன். பாத்திரங்களெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. உரலைச் சுற்றிப் பெருக்கிய சுவடு மட்டும் இருந்தது. இரவெல்லாம் விழித்திருந்த பாட்டி, கண் சிவக்க, தாத்தாவுக்குப் பழையது பிழிந்து வைத்து மோர் ஊற்றிவிட்டு, எதிரே நின்றபடி கேட்டாள்: “உப்புப் போதுமான்னு பாருங்கோ.”